இரண்டு மணி முதல் இரண்டரை வரை

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் மன்றாட்டு ஜெபப் பொறுப்பு என்னிடம் வந்ததற்கு என் பக்தி காரணமில்லை. என் கையெழுத்துதான் காரணம். கோடு போடாத தாளிலும் நேராக எழுதுவேன். அதைப் பார்த்துவிட்ட செயலாளர் ஆன்ட்டி, ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நோட்டையும் பேனாவையும் என் மடியில் வைத்து, "படிச்ச பொண்ணு, இனிமே விண்ணப்பம் எல்லாம் நீயே எழுதி நீயே ஜெபம் பண்ணிடும்மா" என்றார். அவர் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் முடியாது என்று சொன்னவர்கள் காஞ்சிபுரத்தில் யாராவது இருக்கலாம். நான் அந்த ஆள் இல்லை.

மன்றாட்டு ஜெபம் என்றால் பிறருக்காகக் கடவுளிடம் போய்க் கேட்பது. சொல்ல எளிதாகத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆலயத்தின் பக்கத்து அறையில் இருபது பெண்கள் பாய் விரித்து உட்காருவோம். ஒவ்வொருவரும் தங்கள் விண்ணப்பத்தைச் சொல்ல, நான் எழுதிக்கொள்வேன். பிறகு எல்லோரும் கண்ணை மூட, நான் ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எப்படி வாசிப்பது என்று முதல் வாரமே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டேன். அது சரிதானா என்று அடுத்த வெள்ளி வரை யோசித்தேன்.

விசா கிடைக்க வேண்டும், மகனுக்கு மாற்றல் வர வேண்டும், மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்று வரும். ஒரு மாமியார் வாரம் தவறாமல், "என் மருமவளுக்கு நல்ல புத்தி குடுக்கணும்" என்பார். மருமகள் அதே பாயில்தான் உட்கார்ந்திருப்பார். அவர் முறை வரும்போது, "எங்க அத்தைக்குத் தொண்டை ரொம்ப களைச்சிப்போயிருக்குது. அதுக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடுக்கணும்" என்பார். நான் இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதி, இருவருக்கும் ஒரே அளவு நேரம் ஜெபிப்பேன்.

எனக்கு எதையும் மேலோட்டமாகச் செய்ய வராது. ஒருவர் முழங்கால் வலி என்றால், எந்தக் கால் என்று கேட்டு எழுதிக்கொள்வேன். ஒருமுறை இடது காலுக்குப் பதில் வலது காலுக்கு ஜெபித்துவிட்டேன். கடவுளுக்குத் தெரியாதா என்றார் என் கணவர். தெரியும் என்றால் நான் எதற்கு நோட்டு வைத்து எழுதுகிறேன் என்று கேட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு ஷிப்டுக்குப் போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை, போன வார ஜெபத்தில் ஒரு திருத்தம் இருப்பதாகக் கடவுளிடம் சொல்லிவிட்டு இடது காலுக்குத் தனியாக ஜெபித்தேன்.

இத்தனை பேருக்காகக் கேட்ட நான், எனக்காக ஒரு வரிகூட அந்த நோட்டில் எழுதவில்லை. என் மகளுக்கு இரண்டே முக்கால் வயது. அவள் பேசவில்லை. அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. வேண்டியதைக் கைபிடித்து இழுத்துப் போய்க் காட்டுவாள், கிடைக்காவிட்டால் அழுவாள். அழுகை மட்டும் நல்ல தெளிவு.

அதை நோட்டில் எழுதினால் அடுத்த நிமிடம் இருபது பேருக்கும் தெரிந்துவிடும் என்பது ஒரு பயம். என் கையெழுத்தில் நேராக, அழகாக எழுதிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்பது அதைவிடப் பெரிய பயம். அதனால் ஒவ்வொரு வெள்ளியும் ஊருக்கெல்லாம் கேட்டுவிட்டு, ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

நாங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறோம். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர்கள். அவர்களுக்கு இரண்டு தறி. காலையிலிருந்து மாலை வரை நூலோடு நாடா ஓடும் சத்தமும் அச்சு இடிக்கும் சத்தமும் எங்கள் தரை வழியாக வந்துகொண்டே இருக்கும். குடிவந்த புதிதில் எனக்குத் தலைவலி வந்தது. என் மகளோ, சரியாகத் தறிக்கு மேலே உள்ள அறையில், அந்தச் சத்தத்தில் மதியம் முழுவதும் அசையாமல் தூங்குவாள். ஒருநாள் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இவ்வளவு சத்தத்தில் ஒரு குழந்தை எப்படித் தூங்க முடியும்? அவளுக்குக் காது கேட்கவில்லையோ?

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவள் பின்னால் நின்று தட்டைக் கீழே போட்டேன். சில தடவை திரும்பினாள், சில தடவை திரும்பவில்லை. ஆறு தட்டு நெளிந்ததுதான் மிச்சம். குழந்தை மருத்துவரிடம் போனோம். வீட்டில் வேறு யாராவது தாமதமாகப் பேசினார்களா என்று கேட்டார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. முதலில் காதைச் சோதித்துவிடலாம், கேட்கிறதென்றால் பேச்சுக்குப் பயிற்சி, கேட்கவில்லை என்றால் அதற்கு வேறு வழி என்றார் மருத்துவர்.

அந்தச் சோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டும். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, காதில் சத்தம் கொடுத்து, மூளைக்கு அது போய்ச் சேருகிறதா என்று இயந்திரம் பார்க்கும். குழந்தை அசைந்தால் எல்லாம் கலைந்துவிடும். விடியற்காலையே எழுப்பி, வழியில் தூங்கவிடாமல், மதியம் கூட்டிவரச் சொன்னார்கள்.

புது இடத்தில் தூங்க வேண்டும் என்றதும்தான் எனக்குப் பயம் முற்றியது. சபை ஆயரின் மனைவியான ஆயரம்மாவுக்குப் போன் செய்து, வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "சங்கிலி ஜெபம் வெச்சிடலாம்மா" என்றார். அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பேச்சு வர நாக்கில் வசம்பு தடவச் சொல்லி நான்கு பேரும், தடவவே கூடாது என்று மூன்று பேரும் போன் செய்தார்கள்.

சங்கிலி ஜெபம் என்பது எங்கள் ஐக்கியத்தின் பெரிய ஆயுதம். காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு வரை, ஆளுக்கு அரை மணி நேரம், அவரவர் வீட்டில் இருந்தபடியே ஒருவர் முடிக்க அடுத்தவர் தொடர வேண்டும். நடுவில் அறுந்துவிடக் கூடாது. தன் அரை மணி முடிந்ததும் அடுத்தவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். எடுத்துப் பேசக் கூடாது. பேசினால் ஜெபம் போய்க் குழம்பு வைப்பதில் முடியும் என்பது செயலாளர் ஆன்ட்டியின் அனுபவம். அதோடு, பட்டியல் வைத்திருப்பவருக்கும் ஒரு மிஸ்டு கால். அவர் டிக் அடித்துக்கொள்வார். பட்டியல் வைத்திருப்பவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. அதாவது, என் மகளுக்கான சங்கிலியை நானே கட்டம் போட்டு எழுதினேன்.

சிலர் இரண்டு கட்டம் எடுத்துக்கொள்ள, எல்லாக் கட்டமும் நிரம்பியது, மதியம் இரண்டிலிருந்து இரண்டரை வரை தவிர. அந்த நேரத்தில் காஞ்சிபுரத்துப் பெண்கள் சாப்பிட்டுவிட்டுச் சற்றுச் சாய்வார்கள். இரண்டரைக்குச் சிரமப்பட்டு எழுந்துகொள்ளத் தயாராக ஒருவர் இருந்தார். இரண்டுக்கு யாருமில்லை. சோதனையும் அந்த நேரத்தில்தான். நானே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, "நீ எப்படியும் ஜெபம் பண்ணிக்கிட்டுதானே இருப்ப. அது கணக்குல வராது" என்று செயலாளர் ஆன்ட்டி சொல்லிவிட்டார்.

அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கீழ் வீட்டு அக்கா, தறியில் உட்காரும் அந்த வீட்டுக்காரம்மா, கீரைக் கட்டோடு மேலே வந்தார். பட்டியலைப் பார்த்து இது இன்னா என்று கேட்டார். சொன்னேன்.

"அரை மணி நேரந்தானே, நான் சொல்றேன் பாப்பாக்கு."

"அக்கா, நீங்க…"

"தறியில குந்திக்கினே சொல்றேன். கைதானே அங்க வேலை செய்யுது, வாய் சும்மாதானே இருக்குது. இன்னா சொல்லணும், அத்த மட்டும் சொல்லிடு."

"பாப்பா தூங்கணும், டெஸ்ட் நல்லபடியா முடியணும், காது கேக்கணும். அவ்ளோதான் அக்கா. நடுவுல விட்டா மட்டும் சங்கிலி அறுந்துடும்."

"அறுக்காம இருக்கத் தெரியாதா எனக்கு?" என்று சிரித்தார்.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் குமரக்கோட்டம் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு நெற்றி நிறைய விபூதியோடு வருகிறவர். அவர் ஜெபம் சங்கிலியில் சேருமா? ஆயரம்மாவைக் கேட்கலாம். கேட்டு அவர் வேண்டாம் என்றுவிட்டால், அக்காவிடம் எந்த முகத்தோடு சொல்வது? கட்டத்தில் 'கீழ் வீட்டுச் சகோதரி' என்று எழுதினேன். அது பொய் இல்லை. பொய் இல்லை என்று நாலைந்து தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

போகும்போது அக்கா இன்னொன்றும் சொன்னார். "தறி சத்தமில்லாம உம் பொண்ணு தூங்குவாளாமா? போன்ல புடிச்சிக்கினு போ." நல்ல யோசனையாகத் தோன்றியது. காது கேட்காத குழந்தைக்குச் சத்தத்தைப் பதிவுசெய்து எடுத்துப் போவதில் என்ன அர்த்தம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் யோசிக்கிற நான் இதை மட்டும் யோசிக்கவில்லை. அக்காவின் தறிக்குப் பக்கத்தில் போனை வைத்து முக்கால் மணி நேரம் பதிவுசெய்தேன்.

அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு மகளை எழுப்பினோம். ஆறு மணிக்கு முதல் மிஸ்டு கால் வந்தது, டிக் அடித்தேன். மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் அவளைத் தூங்கவிடாமல் என் கணவர் பாட்டுப் பாடினார். அவர் பாடி அன்றுதான் கேட்டேன். அவளும் அதிர்ச்சியில் விழித்தே இருந்தாள்.

ஒன்றே முக்காலுக்கு உள்ளே அழைத்தார்கள். சிறிய அறை, சுவரெல்லாம் மெத்தை வைத்தது போல, சத்தமே இல்லை. சோதனை செய்யும் பெண் என்னைவிடச் சின்னவள். மகளை மடியில் போட்டுக்கொண்டு, போனை அமைதி நிலைக்கு மாற்றி, தறிச் சத்தத்தைப் போட்டேன். பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள். அந்தப் பெண் நெற்றியில் ஒயரை ஒட்டக் கை நீட்டினாள்.

சரியாக இரண்டு மணி. செயலாளர் ஆன்ட்டி தன் அரை மணியை முடித்துவிட்டு எனக்கு மிஸ்டு கால் கொடுத்தார். மணி அடிக்கவில்லை. ஆனால் கால் வந்ததும் தறிச் சத்தம் நின்றது. மகள் கண்ணைத் திறந்தாள்.

மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் தறியைப் போட்டு, தட்டிக்கொடுத்தேன். தூங்கினாள். இரண்டு பத்துக்குக் கீழ் வீட்டு அக்காவின் போன். செயலாளர் ஆன்ட்டிக்கு அவர் எண்ணைச் சரியாகக் கொடுத்தேனா என்ற பயத்தில் எடுத்தேன்.

"எம்மா, அந்தம்மா எனக்கு ரிங்கே குடுக்கல. நானா ஆரம்பிச்சிட்டேன். தப்பு இல்லியே?"

மகள் எழுந்து உட்கார்ந்தாள்.

மூன்றாவது முறை தூங்கவைக்கக் கால் மணி நேரம் ஆனது. ஒரு ஒயர் ஒட்டியாகிவிட்டது. அப்போது ஆயரம்மாவின் பெயர் திரையில் வந்தது. தறி நின்றது. மகள் விழித்து, ஒயரைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள். நான் போனைக் காதில் வைத்தேன்.

"குழந்தை தூங்கிட்டாளாம்மா? எனக்கு மனசே கேக்கல. தூங்கணும்னு முழங்கால் போட்டுக்கிட்டு இருக்கேன்."

"தூங்கினா ஆயரம்மா" என்றேன்.

போனை அணைத்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அணைத்தால் பட்டியல் என்ன ஆகும்? யாராவது விட்டுவிட்டால் யார் நிரப்புவது? என் மகளுக்கான சங்கிலி என் கையாலேயே அறுந்தது என்று ஆகிவிடாதா? போனைப் பிடித்துக்கொண்டு நான் இப்படி நிற்க, சோதனை செய்யும் பெண் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது என்ன சத்தம்?"

"தறி. எங்க கீழ் வீட்ல."

"அது நிக்கறப்போ எல்லாம் இவ முழிக்கிறா. மூணு தடவையும் பார்த்தேன். வீட்லயும் இப்படித்தானா?"

நான் யோசித்தேன். வீட்டில் மதியம் மூன்றரைக்கு எழுந்துகொள்வாள். மூன்றரைக்குக் கீழே டீ குடிக்கத் தறியை நிறுத்துவார்கள். டீ நேரத்தில் விழிக்கிற நல்ல பழக்கம் என்று நான் நினைத்திருந்தேன். ஆறு தட்டை நெளித்த எனக்கு, நின்றுபோகிற சத்தத்தைக் கவனிக்கத் தோன்றவே இல்லை.

"இது ரிசல்ட் இல்ல" என்றாள் அந்தப் பெண் கறாராக. "டெஸ்ட் பண்ணித்தான் சொல்ல முடியும். மொதல்ல அந்தப் போனை ஏதாவது பண்ணுங்க."

என் கணவர் என் கையிலிருந்து போனை வாங்கி ஏரோப்ளேன் மோடில் போட்டார். தறி ஓடியது. மகள் தூங்கினாள். அவள் நன்றாக ஆழ்ந்தபின் தறியையும் நிறுத்திவிட்டு, காதில் சின்னக் குழாய்களை வைத்து நாற்பது நிமிடம் சோதித்தார்கள். அந்த நாற்பது நிமிடமும் பட்டியலில் டிக் இல்லை. என்னாலும் ஜெபிக்க முடியவில்லை. இயந்திரத்தில் ஓடிய கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது என்றார்கள். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் வரச் சொன்னார்கள்.

வெளியே வந்து போனைத் திறந்தால் மிஸ்டு கால்கள் வரிசையாக வந்து விழுந்தன. பாதி அக்காவுடையவை. மணி நாலு; அடுத்த கட்டத்துக்காரருக்கு நானே ரிங் கொடுத்தேன். வீட்டுக்குப் போனதும் கீழேயே நின்று சொன்னேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டரை ஆச்சு, அடுத்து யாருக்கு ரிங்கு குடுக்கணும்னு நீ சொல்லவே இல்ல. உனக்குப் போட்டா போகவே மாட்டேன்னுது. அறுந்துடக் கூடாதுன்னியே, அதான் நாலு மணிக்கு உனக்கு ரிங்கு போற வரைக்கும் நானே சொல்லிக்கினு இருந்தேன். பட்டு இழை அறுந்தா முடி போடத் தெரியும். இதுக்கு எப்படிப் போடுறதுன்னு தெரியலியே."

"என்ன சொன்னீங்க அக்கா?"

"நீ சொன்னதுதான். மேல இருக்கற பாப்பா தூங்கணும், காது கேக்கணும்னு உங்க சாமிகிட்ட சொன்னேன். எங்க சாமிகிட்டயும் நடுவுல ஒரு வார்த்த சொல்லிட்டேன், கோச்சிக்கக் கூடாதுல்ல. இன்னிக்கி ஒரு ஜாண்கூட ஒழுங்கா நெய்யல, போ."

வெள்ளிக்கிழமை ஐக்கியத்தில், ஜெபம் கேட்கப்பட்டது என்று நான் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். சொன்னேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். உடனே, டெஸ்ட் எத்தனை மணிக்கு முடிந்தது என்று ஒருவர் கேட்டார். அவர் பட்டியலில் மூன்று மணிக்காரர். மூன்றேகால் இருக்கும் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. ஆனால் குழந்தை தூங்கியது எப்போது என்று இரண்டரைக்காரர் கேட்டார். தூங்காவிட்டால் டெஸ்ட் ஏது என்பது அவர் வாதம்.

"உங்களுக்கு ரிங்கு வந்துச்சா?" என்றார் செயலாளர் ஆன்ட்டி.

இரண்டரைக்காரருக்கு ரிங் வரவில்லை; ரிங் வந்ததும் எழுந்துகொள்ளலாம் என்று படுத்திருந்தார். மூன்று மணிக்காரர் சங்கிலி நின்றுவிட்டது போல என்று துணி துவைக்கப் போய்விட்டார். மூன்றரைக்காரர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் யாருதான் பண்ணது?" என்று கேட்டார் ஆன்ட்டி.

நான் சொல்லிவிட்டேன். கீழ் வீட்டுச் சகோதரி.

"அவங்க எந்தச் சபை?"

"சபை இல்ல ஆன்ட்டி. தறி நெய்யிறாங்க. செவ்வாய்க்கிழமை குமரக்கோட்டம் போவாங்க."

நான் செய்தது எத்தனை பெரிய தவறு என்று மனதுக்குள் அளந்துகொண்டிருந்தேன். ஆயரம்மா தலையைக் குனிந்திருந்தார், தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மணி நேரமா? தூங்காமலா?" என்றார் இரண்டரைக்காரர், மெதுவாக.

"அடுத்த சங்கிலிக்கும் அந்த ரெண்டு மணியை அவங்களையே கேளும்மா" என்றார் ஆயரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நம்மள்ல யாரும் வர்ற மாதிரி தெரியல."

"கேட்டுட்டு என்கிட்ட சொல்லிட்டு எழுது" என்றார் செயலாளர் ஆன்ட்டி. "அடுத்த நம்பரையும் அவங்ககிட்ட குடு."

பிறகு வழக்கம்போல விண்ணப்பங்களை எழுதினேன். கடைசியில் ஒரு வரி மிச்சமிருந்தது. காது கேட்கிறது, அவள் இன்னும் பேசவில்லை. சங்கிலிக்காகக்கூட அதை ஆயரம்மாதான் எல்லோரிடமும் சொன்னார். நான் ஒருமுறையும் சொன்னதில்லை. 'என் மகள் பேச வேண்டும்' என்று எழுதினேன். வரி நேராக வரவில்லை.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். வாசித்து ஜெபித்துக்கொண்டே வந்தேன். என் வரிக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. செயலாளர் ஆன்ட்டி என் மடியிலிருந்த நோட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தானே ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, இந்தக் குழந்தைக்குக் காது கேக்குதுன்னு காட்டிட்டீங்க. நன்றி. இனிமே அவ பேசணும். அம்மான்னு கூப்பிடணும். இந்தப் பொண்ணுக்குக் கேக்க வாய் வரல, அதனால நாங்க கேக்கறோம். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள முடிச்சுக் குடுத்துடுங்க."

ஆமென் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன், அதற்குக் குரல் வந்துவிட்டது. வீட்டுக்கு நடந்து வரும்போது விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஜூனுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. ஆன்ட்டி கொஞ்சம் முந்தைய மாதமாகவே கேட்டிருக்கலாம்.